வாடகை பாக்கி

புதுச்சேரி ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில், நூறு ஆண்டுகளுக்கு முன்னால், எதிர்வீட்டுத் திண்ணை காலியாக இருப்பது அபூர்வம். வெற்றிலை மென்றுகொண்டோ, தூணில் சாய்ந்து அரைத்தூக்கம் போட்டுக்கொண்டோ யாராவது உட்கார்ந்திருப்பார்கள். வேலை இல்லாதவர்கள் மாதிரி தெரியும். ஆனால் அதுதான் அவர்களுக்கு வேலை. சம்பளம் பிரிட்டிஷ் போலீஸ் கொடுத்தது. சுப்பிரமணிய பாரதி வீட்டுக்கு யார் வந்தார்கள், எப்போது போனார்கள், கையில் என்ன இருந்தது என்று பார்த்துச் சொல்ல வேண்டும்.

1908ல் ‘இந்தியா’ பத்திரிகை மீது வழக்கு பாய்ந்தபோது எல்லை தாண்டிப் பிரெஞ்சு மண்ணுக்கு வந்தவர் பாரதி. 1911 ஜூனில் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட பிறகு திண்ணை ஆட்கள் பெருகினார்கள். அங்கே அடைக்கலமாக இருந்த இன்னொரு சுதேசி வ.வே.சு. ஐயர் வீட்டுக் கிணற்றுக்குள் ஒரு ஜாடியைப் போட்டு, அதற்குள் காளி படத்தையும் ராஜத்துரோகக் காகிதங்களையும் வைத்து, சுதேசிகளை மாட்டிவிடப் பார்த்த கூத்தும் அந்தக் காலத்தில் நடந்ததுதான். தண்ணீர் சேந்தும்போது ஜாடி மேலே வந்துவிட்டது. நாமே கொண்டுபோய்ப் பிரெஞ்சுப் போலீஸிடம் கொடுத்துவிடுவோம் என்று யோசனை சொன்னவர் பாரதி. இதற்கு நடுவில் பிரெஞ்சு நிர்வாகமும் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வெளியிலிருந்து வந்து தங்குபவர்களுக்கு உள்ளூர்ப் பெரிய மனிதர்கள் ஐந்து பேர் கையெழுத்துப் போட வேண்டும். கலவை சங்கரச் செட்டியார் ஐந்து பேரைப் பிடித்துக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். எட்டயபுரத்தில் பிறந்தவர், தமிழ் பேசும் புதுச்சேரியில் ஐந்து ஜாமீன் இல்லாமல் குடியிருக்க முடியாது.

இன்று அந்த வீதியில் வண்டி நிறுத்த இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம். பாரதி குடியிருந்த வீட்டை அரசு நினைவு அருங்காட்சியகமும் ஆய்வு மையமுமாக வைத்திருக்கிறது. பழுதாகிக் கிடந்த கட்டடத்தை மரபுக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பைக் கொண்டு பழைய முறை கெடாமல் சீர்செய்து திறந்தார்கள். உள்ளே போக ஐந்து பேர் கையெழுத்து வேண்டாம். வருகைப் பதிவேட்டில் நம் கையெழுத்து ஒன்று போதும்.

அந்தப் பதிவேட்டில் எங்கள் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டார்கள். ‘ஊர்’ என்ற கட்டத்தில் சிலர் வெள்ளிமலை என்றும், சிலர் கரியாலூர் என்றும், ஒருவன் கொட்டை எழுத்தில் கல்வராயன்மலை என்றும் எழுதினான். அது பக்கத்துக் கட்டத்துக்குள்ளும் போய்விட்டது.

நான் வேலை பார்ப்பது மலைமேல், உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில். சுற்றுலா என்றால் எங்கள் பிள்ளைகளுக்குக் கடல்தான். மலையில் பிறந்தவர்களுக்கு அருவியையும் காட்டையும் காட்டினால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்வார்கள். மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் கீழ்நாட்டார் கூட்டம் கூட்டமாக ஏறி வருவதை வருஷம் முழுக்கப் பார்க்கிறவர்கள் அவர்கள். எனவே புதுச்சேரிக் கடற்கரை முடிவாயிற்று. பாரதி வீட்டை இடையில் செருகியது நான். “இவ்வளவு தூரம் போய் ஒரு வீட்டையா பாப்பாங்க?” என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு வீட்டில் பார்க்க என்ன இருக்கும்?

பாரதி புதுச்சேரியில் இருந்த பத்து ஆண்டுகளில் எங்கள் மலை எப்படி இருந்தது என்பதைச் சொன்னால், இந்தப் பிள்ளைகள் அந்த வாசலில் நின்றது எவ்வளவு பெரிய சங்கதி என்பது புரியும். அப்போது வெள்ளிமலையும் கள்ளக்குறிச்சியும் தென்னாற்காடு ஜில்லா. தலைநகர் கடலூர். 1918 நவம்பர் 20ல் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியைப் பிடித்து அடைத்ததும் அந்தக் கடலூர்ச் சிறையில்தான். ஒரு கவிஞனைப் பத்து வருஷம் விடாமல் வேவு பார்த்த அதே அரசாங்கம் எங்கள் மலைமேல் ஏறிப் பார்த்தது குறைவு. மேலே சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்கள், அதாவது நிலத்துக்கும் வரிக்கும் உரிமை கொண்டாடிய குடும்பங்கள். கிருஷ்ணதேவராயர் கொடுத்த உரிமை என்பது அவர்கள் குடும்ப வழக்கு. மலையாளி என்ற பழங்குடி மக்கள் உழுதால் ஜாகிருக்கு வரி. ஜாகிர் நிலத்தில் கூலி இல்லாமல் உழைக்கவும் வேண்டும். காட்டில் பொறுக்கும் கடுக்காய்க்கும் கணக்கு உண்டு, கணக்குப் பிள்ளை கையில்.

1947 வந்தது, போனது. இனாம் ஒழிப்புச் சட்டம் 1963ல் வந்தது. கல்வராயன்மலையை அரசு தன் கைக்கு எடுத்தது 1976ல். ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே என்று நாட்டுக்கே முன்கூட்டிப் பாடிவைத்தவர் இறந்து ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து. இன்று பத்தாம் வகுப்பு படிக்கிற பிள்ளையின் தாத்தா, வாலிப வயதில் ஜாகிர் வேலைக்குப் போனவராக இருப்பார். பிள்ளை கையெழுத்துப் போடுகிறது, தாத்தா இன்னும் கைநாட்டு.

இப்போது மலைக்குத் தார்ச்சாலை உண்டு. கோமுகி அணையைத் தாண்டி வளைந்து வளைந்து பேருந்து ஏறுகிறது. கரியாலூரில் படகு விடுகிறார்கள், கோடை விழா நடக்கிறது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் கலெக்டர் ஆபீஸ் விழுப்புரத்திலிருந்து இறங்கி எங்களுக்குக் கொஞ்சம் கிட்டே வந்தது. சாமையும் தினையும் சுருங்கி மரவள்ளி பரவியது. கிழங்கு விலை விழுகிற வருஷம் மேஸ்திரியிடம் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு வெளிமாநிலத் தோட்டங்களுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் ஆஸ்டலில் தங்கிவிடுவார்கள். இந்த ‘அட்வான்ஸ்’ பிறகு வரும், ஞாபகம் இருக்கட்டும்.

வீட்டுக்குள் போவோம். தெருப்பக்கம் திண்ணை, தாண்டினால் ரேழி, நடுவில் வெளிச்சம் விழும் முற்றம் என்று கால்வாய்க்கு மேற்கே இருக்கும் தமிழ்ப் பகுதி வீடுகளின் அமைப்பு. சுவர்களில் படங்கள், கண்ணாடிக்குள் கையெழுத்துப் படிகள், ஒரு பக்கம் நூல்கள். எல்லாம் சுத்தமாக இருக்கிறது. அந்தச் சுத்தம்தான் எனக்கு இடித்தது. குறை சொல்லவில்லை. பெருக்கித் துடைத்து வைக்காமல் அருங்காட்சியகம் எப்படி நடத்துவது? ஆனால் யதுகிரி அம்மாள் எழுதிய ‘பாரதி நினைவுகள்’ படித்தவர்களுக்குத் தெரியும், அந்த வீடு சத்தமான வீடு. பாரதியின் நண்பர் மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியாரின் மகளான யதுகிரி சிறுமியாக அங்கே ஓடி விளையாடியவர். புதிய பாட்டு எழுதினால் பிள்ளைகளைக் கூப்பிட்டுப் பாடிக் காட்டுவாராம் பாரதி. நண்பர்கள் வருவார்கள், விவாதம் நடக்கும், பெண்கள் உள்ளே முணுமுணுப்பார்கள். 1954ல் அச்சான அந்தச் சிறு நூல் இல்லாவிட்டால் இந்த முற்றம் வெறும் முற்றம்.

இதே புதுச்சேரியில் 1913ல் கனகலிங்கம் என்ற ஒடுக்கப்பட்ட சாதி இளைஞருக்குப் பாரதி பூணூல் போட்டுவிட்டார். அந்தக் கனகலிங்கம் பிற்பாடு ‘என் குருநாதர் பாரதியார்’ என்று ஒரு புத்தகமே எழுதினார். பூணூல் போட்டால் சமத்துவம் வந்துவிடுமா என்று இன்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும். நான் பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொன்னபோது ஒரு பெண் கேட்டது அதையல்ல. “அவர உள்ள விட்டாங்களா சார்? சமையக்கட்டு வரைக்குமா?” நான் ஆமாம் என்றேன். அவள் சமையல்கட்டு எந்தப் பக்கம் என்று தேடிப் போனாள்.

அடுத்த கேள்வி ஒரு பையனிடமிருந்து வந்தது.

“சார், இது அவரு சொந்த வீடா?”

“இல்லடா, வாடகை.”

“குடுத்தாரா?”

வழிகாட்டியாக நின்றவர் சிரித்துவிட்டார். பிள்ளைகள் சிரிக்கவில்லை. இதே வீதியில் பாரதி குடியிருந்த இன்னொரு வீட்டின் உரிமையாளரை ஊர் விளக்கெண்ணெய்ச் செட்டியார் என்றழைத்தது. வாடகைக்காக அவர் நெருக்கியதே இல்லை என்று நண்பர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அதைச் சொன்னேன். பையன் கொஞ்சம் யோசித்தான். “அப்ப பாக்கி அப்பிடியே நிக்குதுங்களா?” என்றான். பிறகு, “பத்திரிகைக்காரங்க அட்வான்ஸ் குடுத்தாங்களா சார்?”

1910ல் ‘இந்தியா’ நின்றுபோன பிறகு அவருக்கு நிலையான வருமானம் கிடையாது. சென்னையிலிருந்து ‘சுதேசமித்திர’னுக்கு எழுதிக் கொஞ்சம் பணம் வந்தது, அதுவும் பிற்பாடு. ‘பாஞ்சாலி சபத’த்தின் முதல் பாகம் 1912ல் அச்சானது இந்த ஊரில் இருந்தபோதுதான். ‘கண்ணன் பாட்டு’, ‘குயில் பாட்டு’ எல்லாம் இந்தக் கடன்கார வருஷங்களின் விளைச்சல். பாடநூலில் ‘வறுமையில் வாடினார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவோம். எங்கள் பிள்ளைகளுக்கு அந்த வரி போதவில்லை. எவ்வளவு கடன், யாரிடம், எப்படித் திருப்பினார், திருப்ப முடியாவிட்டால் என்ன செய்தார்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டே போனார்கள். வீட்டில் கடன் கணக்கு கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். மனைவி செல்லம்மா இரவல் வாங்கி வைத்திருந்த அரிசியைப் பாரதி குருவிகளுக்கு இறைத்த கதையைக் கீழ்நாட்டுப் பள்ளிகளில் சொன்னால் பிள்ளைகள் ரசித்துக் கைதட்டுவார்கள். இங்கே சமையல்கட்டைத் தேடிப்போன பெண் திரும்பி வந்து, “அன்னிக்கு அந்தம்மா என்ன செஞ்சாங்க?” என்றாள். பதில் சொல்ல வேண்டிய கேள்வி. செல்லம்மா பின்னாளில் கணவரைப் பற்றி எழுதினார். அந்த நாள் மத்தியானம் அடுப்பில் என்ன வைத்தார் என்று யாரும் பாட்டு எழுதவில்லை.

பக்கத்தில் நின்ற ஒரு குடும்பத்துப் பெரியவர் அன்பாகத்தான் கேட்டார், “எந்த ஊரு தம்பி நீங்கள்லாம்?” கல்வராயன்மலை என்றதும், “ஓ, அந்தச் சாராயம்...” என்று இழுத்தார். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கருணாபுரம் கீழே, நகரத்துக்குள் இருக்கிறது. செத்தவர்கள் கூலிக்காரர்கள். பெயர் மட்டும் மலைக்கு ஏறிவிட்டது. மலையில் சாராயம் காய்ச்சுவதே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து மலைமக்களின் நிலைமை என்ன, சாலை எங்கே, வேலை எங்கே என்று கேட்டது. எங்கள் பையன் அந்தப் பெரியவரிடம், “நாங்க பாரதி வீடு பாக்க வந்தோம்” என்றான். அதற்கு மேல் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்கும்தான்.

அந்த வீட்டில் நிற்கும்போது இன்னொரு வீடு நினைவுக்கு வந்தது. பல்கேரியாவின் தலைநகர் சோஃபியாவில் இவான் வாசோவ் வாழ்ந்த வீடு. துருக்கிய ஆட்சிக்கு எதிராக 1876ல் எழுந்த கிளர்ச்சியை நாவலாக்கியவர். அந்த நாட்டில் பள்ளிப்பிள்ளைக்கும் தெரிந்த பெயர். பாரதி திருவல்லிக்கேணியில் இறந்தது 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு தாண்டி. வாசோவ் இறந்தது அதே செப்டம்பர் 22. பத்து நாள் இடைவெளி. வாசோவுக்கு நாடே துக்கம் காத்தது. பாரதியின் இறுதி ஊர்வலத்தில் இருபது பேர்கூட இல்லை. 1926லேயே வாசோவின் வீடு அருங்காட்சியகமாகிவிட்டது. அவர் உட்கார்ந்து எழுதிய மேசை, வரவேற்பறை நாற்காலிகள், ஏன், பாடம்பண்ணி நிறுத்திய அவருடைய செல்ல நாய் வரை அந்த வீட்டிலேயே இருக்கின்றன.

நாம் எழுத்தாளனை மதிக்கத் தெரியாதவர்கள் என்று இந்த இடத்தில் எழுதிவிடுவது சுலபம். காரணம் அதைவிடச் சாதாரணமானது என்று நினைக்கிறேன். வாசோவ் இருந்தது சொந்த வீடு. செத்தாலும் மேசை நகராது. பாரதி வாடகைக்காரர். 1908க்கும் 1921க்கும் நடுவில் புதுச்சேரியில் வீடு மாறி, கடலூர்ச் சிறைக்குப் போய், கடையத்தில் மாமனார் ஊரில் ஒண்டி, எட்டயபுரத்துக்கும் போய்ப் பார்த்து, கடைசியில் திருவல்லிக்கேணியில் இன்னொரு வாடகை வீட்டில் உயிரை விட்டார். ஒவ்வொரு இடமாற்றத்திலும் ஒரு பெட்டி தொலையும், ஒரு கட்டுக் காகிதம் எங்கேயோ நிற்கும். வீடு காலிசெய்து பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எனவே வாடகைக்காரனின் நினைவில்லம் படங்களால்தான் நிரம்பும். அவன் நாற்காலி அங்கே இருக்காது, அவன் நாற்காலியில் உட்கார்ந்த புகைப்படம் இருக்கும்.

சொந்த வீடு இருந்தால் மட்டும் காப்பாற்றிவிடுவோமா என்றால், அதற்கும் உத்தரவாதம் இல்லை. கும்பகோணம் கல்லூரியில் தமக்கு வேலை வாங்கிக் கொடுத்த தியாகராசச் செட்டியார் பெயரால் ‘தியாகராஜ விலாசம்’ என்று உ.வே. சாமிநாதையர் பெயரிட்டுத் திருவல்லிக்கேணியில் வாழ்ந்த வீட்டை 2012ல் இடித்துவிட்டார்கள். ஓலைச்சுவடிகள் சங்க இலக்கியப் பதிப்புகளாக மாறிய வீடு. அதே புதுச்சேரியில் பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடு அருங்காட்சியகமாக நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் என்ன விதி வேலை செய்கிறது என்று கண்டுபிடிக்க முயன்று விட்டுவிட்டேன். எந்த அதிகாரி எந்த வருஷம் எந்த நாற்காலியில் இருந்தார் என்பதுதான் பெரும்பாலும் விடை.

திரும்பும் வழியில் திருக்கோவிலூரில் நிறுத்தினோம். இது எங்கள் மாவட்டம். தென்பெண்ணை ஆற்றுக்குள் ஒற்றைப் பாறை, அதன் தலையில் சின்னக் கோயில். கபிலர் குன்று என்பார்கள். நண்பனான வள்ளல் பாரி இறந்தபின் அவன் மகளிரைக் கரைசேர்க்க ஊர் ஊராக அலைந்த சங்கப் புலவர் கபிலர் இங்கே உயிர் விட்டதாக வழக்கு. வடக்கிருந்தார் என்று ஒரு பக்கம். தீப்புகுந்தார் என்று, பக்கத்திலேயே உள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டு. அதாவது கபிலருக்குப் பல நூற்றாண்டு கழித்தும் இந்த ஊர் அந்தப் பாறையைக் காட்டி அவர் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது. படமில்லை, பதிவேடு இல்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலோடு சாத்தனூர் அணையும் திறந்துவிட, கரையோர ஊர்களை மூழ்கடித்த வெள்ளம் இந்தப் பாறையைச் சுற்றிக்கொண்டுதான் போயிற்று.

‘குறிஞ்சிப்பாட்டு’ எழுதியவர் இவர், தொண்ணூற்றொன்பது பூக்களின் பெயரை அடுக்கியவர் என்றேன். காந்தள், வேங்கை, கொன்றை என்று சிலவற்றைச் சொன்னேன். செங்காந்தள் எங்கள் பிள்ளைகளுக்குக் கண்வலிக்கிழங்குச் செடி. “அது எங்க காட்டோரமே இருக்குதே சார்” என்றாள் ஒருத்தி, அதில் என்ன அதிசயம் என்பதுபோல. பாரதி வீட்டில் கேட்ட கேள்விகளில் பாதிகூட அவர்கள் இங்கே கேட்கவில்லை. கபிலரிடம் கடன் இல்லை, வாடகை இல்லை. பாறையில் ஏறி விளையாடப் பார்த்தார்கள். நான் கத்தி இறக்கினேன்.

மலைக்கு வந்ததும் வழக்கப்படி கட்டுரை எழுதச் சொன்னேன். பெரும்பாலோர் கடலைப் பற்றி எழுதினார்கள், அலை எவ்வளவு உயரம் என்பதில் ஆளுக்கொரு கணக்கு. சிலர் பாரதி பிறந்த தேதியையும் இறந்த தேதியையும் பதிவாக எழுதிக் கொடுத்தார்கள். சமையல்கட்டைத் தேடிய பெண் மட்டும் இரண்டு வாரம் இழுத்தடித்தாள். ஊருக்குப் போய் வந்து கொடுக்கிறேன் என்றாள். கொடுத்த தாளில் பாரதி முதல் பத்தியோடு சரி. மீதி முழுக்க அவள் தாத்தா. ஜாகிர் காலத்தில் அவர் கூலியில்லாமல் செய்த வேலைகளை வரிசையாகக் கேட்டு எழுதியிருந்தாள்: உழுதது, கடுக்காய் சுமந்தது, கல்யாணத்துக்கு விறகு வெட்டியது. ஒவ்வொன்றுக்கும் நேராக எத்தனை நாள் என்று போட ஒரு கட்டம் வரைந்திருந்தாள். கடுக்காய்க்கு நேரே மட்டும் கட்டம் காலி. நாள் கணக்கு தாத்தாவுக்குத் தெரியவில்லையாம், தையிலிருந்து காய் தீருகிற வரைக்கும் என்றாராம்.

“காய் எப்ப சார் தீரும்?” என்று என்னைக் கேட்டாள். “மாசியிலயா, பங்குனியிலயா? சரியா சொல்லுங்க. பெருக்கணும்.”